ஓர் அட்டை குறைகிறது

8 ஜூலை, செவ்வாய்

சே. ம. சூ.

ஏழு மணிக்கே வெயில். சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது. இடது முழங்கால் நேற்றைவிடப் பரவாயில்லை.

பத்து மணிக்கு நெசவாளர் சங்கத்திலிருந்து போன். செயலாளர் லோகநாதன். கணினி ஆசிரியை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம். அங்கிருந்து போன் வந்தால் பொங்கல் வாழ்த்தாகத்தான் இருக்கும்.

"டீச்சர், உங்க பழைய புரோகிராம் புதுசுல ஓட மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா?"

"அது ஓட மாட்டேங்குதா, இல்ல உங்களுக்கு ஓட்டத் தெரியலையா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறதி கூடிவிட்டதால் விவரங்களை எழுதிவைக்கிறேன்.

என் நிரலின் வேலை இரண்டு. கட்டம் போட்ட தாளில் வரைந்த கரை டிசைனை ஸ்கேன் செய்து சுருக்கிச் சேமித்திருப்போம். அதைத் திறப்பது ஒன்று. எந்த அட்டையில் எங்கே துளை என்று சொல்வது இன்னொன்று. தாளில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைகள் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் சுற்ற, கீழே கரையில் உருவம் விழும்.

டிசைன்கள் 611. தாள்கள் இப்போது இல்லை. கிடங்கில் மழைத் தண்ணீர் புகுந்து கூழாகிவிட்டன. கோப்புகள் மட்டுமே மிச்சம். அவற்றை என் நிரல் தவிர வேறெதுவும் திறக்காது.

சென்னை நிறுவனம் ஒன்று சங்கத்துக்குப் புதிய மென்பொருள் செய்கிறது. புதிய ஃபிரேம்வொர்க். அதற்குள் என் நிரலும் ஒரு பாகமாக உட்கார வேண்டும். கெடு 18, வெள்ளி. அதற்குள் முடியாவிட்டால் பழையதைக் கைவிடுவதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். 611-ம் போகும்.

அதில் 204 அருளப்பன் வரைந்தவை. என் கணவர். அந்தச் சங்கத்தின் டிசைன் பிரிவில் முப்பது வருடம் தாளும் பென்சிலும். போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் கைபட்டது வேறெதுவும் என்னிடம் இல்லை, ஒரு குடையைத் தவிர.

இதைச் செயலாளரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

9 ஜூலை, புதன்

சே. ம. சூ.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ. எட்டுப் பேர். பக்கத்தில் ஒருத்தி போனில்: "நான் வந்துக்கினேதான் இருக்கறேன், நீ சோத்த இறக்கு மொதல்ல!" இறங்கும்வரை அதே வாக்கியம், நான்கு முறை.

நிறுவனத்திலிருந்து வந்திருப்பவள் ஷர்மிளா. நாற்பது வயது இருக்கும். தினமும் சென்னையிலிருந்து ரயில். மடிக்கணினி மேல் பூனை ஸ்டிக்கர். நகம் வெட்டிச் சுத்தமாக இருந்தாள், அதைக் கவனித்தேன்.

"மேடம், உங்களுது முப்பத்திரண்டு பிட். எங்களுது அறுபத்திநாலு. ரெண்டும் ஒரே பிராசஸ்ல இருக்காது. மாமியார் மருமக மாதிரி."

"யார் மாமியார்?"

"அதை நான் எப்டி மேடம் சொல்றது!"

அவள் யோசனை: இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துவிட்டு, நடுவில் ஒரு சின்ன நிரலைத் தூது போகவிடுவது. நல்ல யோசனை. சொல்லவில்லை.

புதிய திரையைக் காட்டினாள். டிசைன் பளிச்சென்று தெரிகிறதாம். ஓரத்து அழுக்கு, மைக்கறை, காலி விளிம்பு எல்லாவற்றையும் தானாகவே எடுத்துவிடுமாம். சுத்தம் எனக்குப் பிடிக்கும். அதை மட்டும் சொன்னேன்.

"சோர்ஸ் கோடு இருக்கா மேடம்?"

மூன்று ஃபிளாப்பி. மூன்றிலும் பூஞ்சை. அச்சிட்ட தாள்கள் வீட்டில் இருக்கின்றன என்றேன்.

மாலை டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நாற்பத்தொரு பக்கம் இருக்க வேண்டும். முதல் ஆறு பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. ஏழாம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

11 ஜூலை, வெள்ளி

சே. ம. சூ.

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. நேற்று முழுதும், இன்று மதியம்வரை அந்த முப்பத்தைந்து பக்கம்.

புரியவில்லை.

இதை எழுதியவள் நான். ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதாதவனைத் திட்டுவேன் நான். பத்தொன்பதாம் பக்கத்தில் K2 என்று ஒரு மாறி. அது எதைக் குறிக்கிறது? எங்கும் இல்லை. தின்னப்பட்ட ஆறு பக்கத்தில் இருந்திருக்கும். அல்லது நான் எழுதாமலே விட்டிருப்பேன். எது மோசம் என்று தெரியவில்லை.

அப்பா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். கன்னிமாடத்துப் பள்ளியில் என்னைச் சேர்த்தபோது வாசலோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை. முதல் நாளே சிஸ்டர் பெர்னதெத் நோட்டைத் திறக்கச் சொன்னார். மேலே சே. ம. சூ. எழுது. சேசு, மரி, சூசை. முதல் வரி உன்னுடையதல்ல, அதற்குக் கீழேதான் உன் கணக்கு. மார்ஜின் கோணினால் பக்கத்தையே கிழிப்பார். அறுபத்தைந்து வருடமாக என் மார்ஜின் கோணியதில்லை.

இப்போது என் கணக்கே எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மாத்திரை போட்டேனா? போட்டேன். அட்டையில் ஒன்று குறைகிறது.

12 ஜூலை, சனி

சே. ம. சூ.

மதியம் தூறல். ஷர்மிளாவின் தூது நிரல் மூன்று முறை விழுந்தது. முதல் முறை பெயர் பிரச்சினை: பழைய எழுத்துருவில் கோப்புகளுக்கு நான் வைத்த தமிழ்ப் பெயர்களெல்லாம் கொம்பும் கேள்விக்குறியுமாக வந்தன. எண் போட்டு மாற்றினோம். இரண்டாம் முறை காரணம் தெரியவில்லை. மூன்றாம் முறையும்.

நாலே கால் மணிக்குத் திறந்தது.

ருத்திராட்சக் கரை. வரிசையாக மணிகள். அருளப்பனுடையது; அவர் மணிக்கு மட்டும்தான் இடுப்பு இருக்கும். அறையில் எல்லோரும் கைதட்டினார்கள். ஷர்மிளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை உடனே விடுவித்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. திரையைப் பார்க்காமல் பையைத் தேடினேன்.

திங்களன்று அட்டை அடித்து, பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் தறியில் ஏற்றி நான்கு விரற்கடை நெய்து பார்ப்பதாக ஏற்பாடு.

13 ஜூலை, ஞாயிறு

சே. ம. சூ.

பூசை. பிரசங்கம் நீளம். நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. காரணமில்லை. வஞ்சிரம் வாங்கவில்லை, சங்கரா மீன்தான்.

14 ஜூலை, திங்கள்

சே. ம. சூ.

95.

ருத்திராட்சக் கரைக்கு 96 அட்டை. எப்போதும் 96. புதிதாக அடித்து வந்ததை நானே எண்ணினேன். இரண்டு முறை. 95.

மூலையில் மூடிக்கிடந்த பழைய கணினியை ஓட்டச் சொன்னேன். அதே கோப்பு. 96.

ஆக, தவறு என் நிரலில் இல்லை. நிரூபணம் முடிந்தது.

ஷர்மிளா தன் நிரலின் லாக் பதிவுகளைக் காட்டினாள். "மேடம், பாருங்க. உங்க டி.எல்.எல்., அதான் உங்க பழைய புரோகிராம், தாளைத் திறந்து எங்கிட்ட குடுக்குது. நான் சுத்தம் பண்ணி, தொண்ணூத்தாறு வரியா எண்ணி, அட்டை போடறதுக்குத் திருப்பிக் குடுக்கறேன். அது தொண்ணூத்தஞ்சுதான் போடுது."

"இருபத்தெட்டு வருஷமா அது ஒரு வரி தின்னது கிடையாது."

"நான் தின்னலை மேடம்."

"அப்ப எலி தின்னுதா?"

மடிக்கணினியைப் பாதி மூடினாள். பிறகு, "டீ சாப்பிடறீங்களா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

95 அட்டையையே கோத்து ஏகாம்பரத்துக்கு அனுப்பிவிட்டார் செயலாளர். ஒன்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியாதாம்.

15 ஜூலை, செவ்வாய்

சே. ம. சூ.

கண்ணுக்குத் தெரிகிறது.

ஏகாம்பரம் வீடு. தெரு முழுதும் தறிச் சத்தம். அவர் தறி மட்டும் நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் தறிக்குழியிலிருந்து எழுந்து, நெய்த துண்டைத் தடவிக் காட்டினார்.

"எல்லாம் ருத்திராட்சமா வந்துக்கினே இருக்குது டீச்சர். அட்டை ஒரு சுத்து முடியுதா, ஒண்ணு மட்டும் மொட்டத் தலை. ருத்திராட்சம், ருத்திராட்சம், ருத்திராட்சம், இட்லி."

அவர் மனைவி தனலட்சுமி பாவில் அறுந்த இழையை முடிந்தபடி உள்ளேயிருந்து: "ஏம்பா, டீச்சர் முன்னாடியா இட்லி கிட்லின்னு! ஏற்கெனவே அவங்க முகத்தப் பாரு."

என் முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை. துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேல் வரி இல்லை. கத்தியால் சீவியதுபோல. 204-லும் இப்படித்தான் வரும். ஒவ்வொன்றிலும் அவர் கையின் மேல்விளிம்பு போய்விடும்.

வீட்டுக்கு வந்து தாள்களை மறுபடி எடுத்தேன். K2. K2. K2.

16 ஜூலை, புதன்

சங்கத்தில் கூட்டம். பதினோரு மணி. செயலாளர், நிர்வாகக் குழுவில் நான்கு பேர், ஷர்மிளா, நான். மின்விசிறி ஓடவில்லை.

நான் பேசினேன். திருத்தமாகப் பேசினேன், குரல் நடுங்கவில்லை. பழைய கணினியில் 96, புதியதில் 95. இடையில் மாறியது இந்த அம்மாள் எழுதியது மட்டுமே. தெரியாத வேலையைத் தெரிந்ததுபோல் செய்வதற்குப் பெயர் உண்டு என்றேன். பெயர் என்ன என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

ஷர்மிளா எழுந்திருக்கவில்லை. "லாக் இருக்குது சார்" என்றாள்.

"அந்த லாக்கை எழுதறதும் நீங்க எழுதின நிரல்தானே?" என்றேன்.

செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீச்சர் கரெக்ட்டுன்றாங்க. மேடமும் கரெக்ட்டுன்றாங்க. ரெண்டு பேரும் கரெக்ட்டுன்னா அட்டை எங்கப்பா போச்சு? விடுங்க. வெள்ளிக்கிழமையோட பழசக் கழட்டிடலாம். டிசைனெல்லாம் புதுசா வரைஞ்சுக்கலாம்."

புதுசா வரைஞ்சுக்கலாம்.

நிறுவனத்துக்கும் போன் போட்டார், எங்கள் முன்னாலேயே. வேறு ஆள் அனுப்பச் சொன்னார். ஷர்மிளா மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்து, "பார்த்துப் போங்க மேடம், படி வழுக்குது" என்றாள்.

நான் ஜெயித்திருக்கிறேன். எதை என்று தெரியவில்லை.

சாப்பிடவில்லை. செபமாலையைப் பாதியில் வைத்துவிட்டேன். ஆண்டவரே, அவர் முகம்கூட எனக்குச் சில நாள் சரியாக வருவதில்லை. அந்த மணிகள்தான் வருகின்றன. பக்கத்தின் மேலே எழுத மறந்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அறுபத்தைந்து வருடத்தில் முதல் முறை.

17 ஜூலை, வியாழன்

சே. ம. சூ.

ஆடி முதல் நாள். காற்று. தெருவில் ஒலிபெருக்கி கட்டுகிறார்கள்.

ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். அட்டைக் கோவையைத் திரும்ப வாங்கி வர. வேறு வேலை கிடையாது. வீட்டில் உட்கார முடியவில்லை. அதுதான் உண்மை.

தனலட்சுமி தரையில் உட்கார்ந்து, அம்மன் கோயில் கூழுக்குச் சாமான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். சீட்டு என்பது பழைய கட்டத் தாளின் ஒரு கிழிசல். முதல் வரிக் கட்டங்களில் பிள்ளையார் சுழி ஒன்று. அந்த வரியில் வேறெதுவும் இல்லை. அடுத்த வரியிலிருந்து கேழ்வரகு, பச்சரிசி நொய், சின்ன வெங்காயம், கருவாடு.

எனக்கு எதையும் திருத்தாமல் இருக்க வராது. "இத்தினியூண்டு தாளு. மேல ஒரு வரிய ஏன் தனம் வீணாக்கறே?"

"வீணா? அது பிள்ளையாருக்கும்மா. மொத வரி நம்முளுது இல்ல."

நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

குழிக்குள்ளிருந்து ஏகாம்பரம்: "சீட்டுக்கே போடுவோம், டிசைனுக்குப் போடாம இருப்பமா? தாள்ல சுழி இல்லன்னா எங்கப்பா தறியில ஏத்தவே வுட மாட்டாரு. அருளப்பன் சாரு கிறிஸ்தவருதான், அவரே போட்டுத்தான் குடுப்பாரு."

தெரியும். எனக்குத் தெரியும். தெரிந்திருந்தது.

ஒரு மதியம். நிரல் எழுதிக்கொண்டிருந்த வருடம். அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சொன்னது: "ரெஜி, தாள்ல முதல் வரி டிசைன் இல்ல, பிள்ளையார் சுழி. அத மெஷின் அட்டையா போட்டுடுச்சுன்னா கரையில கறை மாதிரி விழும். முதல் வரிய மட்டும் எடுத்துடச் சொல்லு." வரைபடத்தில் இதெல்லாம் எதற்கு என்று சண்டை போட்டேன். பிறகு பத்து நிமிட வேலை. எந்தத் தாள் வந்தாலும் முதல் வரியைத் தள்ளிவிட்டு இரண்டாவதிலிருந்து எண்ணு. K2. இரண்டாம் வரி. K2 அதுதான்.

வேலை முடிந்ததும் சொன்னேன்: "பிள்ளையாருக்கு ஒரு வரி ஒதுக்கியாச்சு. பொண்டாட்டிக்கு?" அவர் சோற்றைப் பிசைந்தபடி, "அதுலயே ஓரமா ஒதுங்கிக்கோ" என்றார்.

ஆக:

தாளில் 97 வரி. என் நிரல் சுழி வரியைத் தள்ளி 96 அட்டை போடும். பழைய கணினியில் இதுவே நடந்தது.

புதியதில், ஷர்மிளாவின் மென்பொருள் சுழியை மைக்கறை என்று எடுத்து, காலி வரியையும் வெட்டிவிட்டு, சுத்தமான 96-ஐத் திருப்பித் தருகிறது. என் நிரல் அதிலும் முதல் வரியைத் தள்ளுகிறது. இம்முறை அது சுழி அல்ல, ருத்திராட்சத்தின் தலை.

அவள் சொன்ன ஒவ்வொரு எண்ணும் சரி. வரியைத் தின்றது என்னுடையது.

அங்கிருந்தே ஷர்மிளாவுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஏன் எடுப்பாள்? குறுஞ்செய்தி அனுப்பினேன். "தவறு என்னுடையது. காரணம் தெரிந்துவிட்டது. நாளை பதினொன்றுக்கு வர முடியுமா? ரெஜினா." இதை எழுத இருபது நிமிடம். 'தவறு என்னுடையது' என்பதைக் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தேன். பிறகு முதலிலேயே வைத்தேன்.

பதில் இல்லை. ஆறு மணிவரை இல்லை.

நாளை அவள் வராவிட்டால் நடுவிலிருக்கும் நிரலைத் தொட ஆளில்லை. வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். என் வாயால் அவளை அனுப்பிவிட்டேன்.

18 ஜூலை, வெள்ளி

சே. ம. சூ.

பத்தரைக்கே போய் உட்கார்ந்தேன். பதினொன்று. பதினொன்று பத்து. செயலாளர் ஆட்களை வரச் சொல்லியிருந்தார். பழைய கணினியின் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். தடுக்கவில்லை. எந்த உரிமையில் தடுப்பது?

பதினொன்று இருபதுக்குப் பூனை ஸ்டிக்கர்.

"டிரெயின் லேட் மேடம்." அவ்வளவுதான் சொன்னாள். என் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரில்.

புதன்கிழமைக் கூட்டத்தில் இருந்த எல்லோரையும் அழைக்கச் சொன்னேன். வந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். சுழியை, வரியை, இரண்டு முறை சுத்தம் செய்ததை. புதன்கிழமை இந்த அம்மாளைப் பற்றி நான் சொன்னது தவறு, அதைக் கூட்ட நோட்டில் பதிய வேண்டும் என்றும் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

செயலாளர்: "டீச்சர், நீங்க தப்புன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையே."

"நல்லாக் கேட்டுக்குங்க. இன்னொரு தடவ கிடைக்காது."

ஷர்மிளா கீழே பார்த்தபடி சிரித்தாள் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை. மடிக்கணினியைத் திறந்தாள்.

"சுத்தம் பண்ற ஸ்டெப்பத் தூக்கிட்டு, தாள அப்படியே உங்க டி.எல்.எல்.லுக்குக் குடுத்துடறேன் மேடம். பழசுக்குப் பழசு மாதிரியே."

ஓடவிட்டாள். 96. இன்னொன்று: 120, சரி. இன்னொன்று: 64, சரி. செயலாளர் வயர் சுருட்டியவர்களைப் பார்த்துக் கையாட்டினார். அவர்கள் சுருட்டியதைத் தரையில் போட்டுவிட்டு டீக்குப் போய்விட்டார்கள். ஏகாம்பரத்துக்கு அவரே போன் செய்தார்: "இட்லி கேன்சல்பா."

எல்லாத் தாளிலும் சுழி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றாள் ஷர்மிளா. இல்லாத தாளில் நல்ல வரி போய்விடுமே. சரியான கேள்வி. சொன்னேன், இம்முறை வாயைத் திறந்து: "சரியான கேள்வி."

611 முதல் வரிகளையும் மட்டும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடவிட்டாள். இவற்றை நான் பார்த்ததே இல்லை. தாளைக் கவிழ்த்து ஸ்கேனரில் வைத்தது கடைநிலை ஊழியர். எனக்கு வந்தது எண். முதல் வரியை என் நிரல் எனக்குக் காட்டியதே கிடையாது.

சுழிகள். தடித்தவை, ஒல்லியானவை, அவசரமானவை. ஒவ்வொரு டிசைனருக்கும் ஒரு கை.

"எல்லாத்துலயும் இருக்குது மேடம். ஆனா சிலதுல ஓரத்துல வேற ஏதோ இருக்குது. வலது கடைசியில. நிறைய இருக்குதே. டஸ்ட்டா?" எண்ணச் சொன்னாள் கணினியை. "இருநூத்தி நாலு."

ஒன்றைப் பெரிதாக்கினாள்.

பென்சில். ஒரே கட்டத்தில் ஒடுங்கி, ஓரமாக. ரெ.

அடுத்தது. ரெ. அதற்கடுத்தது. ரெ.

"எடுத்துடவா மேடம்?"

வேண்டாம் என்றேன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கொம்பு கட்டத்துக்கு வெளியே வழிந்திருக்கிறது. இருநூற்று நான்கிலும். ஒரு முறைகூட ஒழுங்காக அடங்கவில்லை.